சீம்பால்: முதல் உரிமை யாருக்கு?

(தோட்ட மக்களுக்கான உடல்நலக் கூட்டமொன்றில், தோட்ட மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குப் பால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் மரத்துப் பால்தான். அந்தப் பாலே நம் பெற்றோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சோறு போட்டது. ஆனால் இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு பாலைப் பற்றி. கன்று ஈன்ற பசுவின் மடியில் முதன்முதலாகச் சுரக்கும் சீம்பாலைப் பற்றிச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சிலர் இதனைக் கடும்பு என்றும் கூறுவர்.

லயத்து வீடுகளின் பின்னால் மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் பசு கன்று போட்டால் அந்தச் செய்தி லயம் முழுவதும் பரவிவிடும். கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலில் சீனியோ கருப்பட்டியோ கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஆவியில் வேகவைப்பார்கள். அது கட்டியாகத் திரண்டு வரும். அதைத் துண்டு போட்டு அண்டை அயலாருக்கெல்லாம் கொடுத்தனுப்புவார்கள். அதற்கு யாரும் விலை பேசியதில்லை. அது நோயைத் தீர்க்கும் என்று யாரும் சொல்லி விற்றதும் இல்லை. அது ஒரு மகிழ்ச்சியின் பங்கு, அவ்வளவுதான்.

இன்று கொட்டகைகள் பெரும்பாலும் போய்விட்டன. சீம்பாலோ வேறு வடிவத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளின் பெரும் பால் பண்ணைகளில் சேகரிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, மாவாகவும் மாத்திரையாகவும் டின்களில் அடைக்கப்பட்டு, "கொலஸ்ட்ரம்" என்னும் பெயரில் விற்கப்படுகிறது. உடலுக்கு வலிமை தரும் என்பதில் தொடங்கி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, ஏன், புற்றுநோய் வரையில் குணமாக்கும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஓர் அம்மையாரின் கதை

நான் பணியிலிருந்த காலத்தில் ஓர் அம்மையார் மாதந்தோறும் தவறாமல் மருந்தகத்திற்கு வருவார். நீரிழிவு நோயாளி. மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டு, நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தவர். திடீரென்று சில மாதங்கள் அவரைக் காணவில்லை. மீண்டும் வந்தபோது காலில் புண்ணுடன் வந்தார். சர்க்கரையின் அளவைச் சோதித்துப் பார்த்தேன். கருவி காட்டிய எண்ணைக் கண்டு திடுக்கிட்டேன். விசாரித்ததில், சீம்பால் மாவு உண்ணத் தொடங்கியதும் மாத்திரைகளை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சம்பளத்தில் ஒரு பெரும் பங்கு அந்த டின்களுக்கே போயிருந்தது.

அவருக்கு அதை விற்றவர் யாரோ அந்நியர் அல்லர். அவருடைய உறவுக்காரப் பெண்தான். அந்தப் பெண்ணுக்கு வஞ்சக எண்ணம் ஏதுமில்லை. கூட்டமொன்றில் கேட்டதை அவர் முழுமனத்துடன் நம்பினார். தம் வீட்டிலும் அதையே வாங்கி வைத்திருந்தார்.

"ஐயா, பசுவின் பால் கெடுதல் செய்யுமா?" என்று அந்த அம்மையார் என்னைக் கேட்டார்.

"பால் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை அம்மா, மாத்திரையை விட்டதுதான் கெடுதல் செய்தது" என்றேன்.

பெரிய மருத்துவமனையில் இரண்டு கால் விரல்களை எடுத்த பிறகே அந்தப் புண் ஆறியது. அவருடைய கேள்வி மட்டும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதற்கான முழு விடையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல முயல்கிறேன்.

கன்றுக்கு அது உயிர்

சீம்பால் உயர்ந்த பொருள் என்பதில் ஐயமில்லை. சாதாரணப் பசும்பாலில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் புரதம் இருக்கிறது. ஈன்றவுடன் கறக்கும் சீம்பாலிலோ ஏறக்குறைய 14 கிராம் இருக்கிறது. சாதாரணப் பாலைக் காய்ச்சினால் பொங்கும். சீம்பாலைக் காய்ச்சினால் திரளும். காரணம் இந்தப் புரத மிகுதியே. அப்புரதத்தில் பெரும் பங்கு, இம்யூனோகுளோபுலின் எனப்படும் நோயெதிர்ப்புப் பொருளாகும்.

இயற்கை ஏன் அதை அங்கே வைத்தது? மனிதக் குழந்தைக்கும் பசுங்கன்றுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை அறிந்தால் இது விளங்கும். தாயின் வயிற்றில் இருக்கும்போதே, மனிதக் குழந்தைக்கு நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவ்வாறு கடத்துவதில்லை. ஆகவே கன்று ஏறத்தாழ எந்த எதிர்ப்பாற்றலும் இன்றிப் பிறக்கிறது. அந்தக் குறையை நிரப்பவே சீம்பால் சுரக்கிறது.

இதில் இன்னுமொரு வியப்பு உண்டு. பிறந்த கன்றின் குடல், இந்தப் பெரிய புரதங்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்திற்குள் விடும். ஆனால் அந்தக் கதவு நெடுநேரம் திறந்திருப்பதில்லை. மணிக்கு மணி அது ஒருக்களித்துக்கொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் மூடிவிடுகிறது. ஆகையால் பிறந்து ஆறு மணி நேரத்திற்குள், கன்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பால் அதன் வயிற்றுக்குள் போய்ச் சேரவேண்டும். 20 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டு லிட்டர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அது கிடைக்காத கன்று கழிச்சலுக்கும் நுரையீரல் காய்ச்சலுக்கும் எளிதில் இரையாகும்.

இன்றும் மாடு வளர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருந்துக்கும் விற்பனைக்கும் கறப்பதற்கு முன் கன்றுக்கு ஊட்டுங்கள். மிஞ்சியதுதான் நமக்கு. அந்த மிச்சத்தையும் பச்சையாகக் குடிக்கலாகாது. பச்சைப் பாலின் வழியே புரூசெல்லா காய்ச்சலும் காசநோயும் மனிதரைத் தொற்றக்கூடும். 2010, 2011 ஆம் ஆண்டுகளில் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பாலைக் குடித்ததால் புரூசெல்லா காய்ச்சல் பரவி, 79 பேர் நோயுற்றனர். நம் பாட்டிமார் சீம்பாலை ஆவியில் நன்றாக வேகவைத்தது அறிவுடைய செயலே. வேகவைக்கும்போது நோயெதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் புரதம் நிறைந்த நல்ல உணவாக அது நிலைத்திருக்கும்.

பெரியவர்களுக்கு என்ன பயன்?

கன்றுக்கு அமுதமாக இருப்பது நமக்கும் அமுதமாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றலாம். அங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். நம் குடலில் அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. நாம் உண்ணும் சீம்பால் மாவை, பருப்பையும் முட்டையையும் செரிப்பதுபோலவே வயிறு செரித்துவிடுகிறது. பசுவின் எதிர்ப்பாற்றல் நம் இரத்தத்தில் ஏறி நின்று நோய்களோடு போராடும் என்பது உடலின் இயல்புக்குப் பொருந்தாத பேச்சாகும்.

அப்படியானால் ஆராய்ச்சிகளே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன, மதிக்கத்தக்க ஆராய்ச்சிகளும் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்கு எதிராகப் பசுக்களுக்குத் தடுப்பூசி போட்டு, அவற்றின் பாலிலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளைத் தன்விருப்பத்துடன் முன்வந்த பத்துப் பேருக்குக் கொடுத்தனர். வேறு பத்துப் பேருக்கு அது கொடுக்கப்படவில்லை. பின்னர் இருசாராருக்கும் அந்தக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது, பொருளைப் பெற்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. பெறாத பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வந்தது. இது அமெரிக்காவில் 1988 இல் வெளியான முடிவு. அதற்கடுத்த ஆண்டில், ரோட்டா வைரசுக்கு எதிராகத் தடுப்பூசி பெற்ற பசுக்களின் சீம்பால், மருத்துவமனையிலிருந்த குழந்தைகளை அந்நோயிலிருந்து காத்தது என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அறிவித்தனர்.

இவற்றை உற்று நோக்குங்கள். அந்தப் பசுக்கள் குறிப்பிட்ட ஒரு கிருமிக்கெனத் தடுப்பூசி பெற்றவை. அதன் பயன், குடலுக்குள்ளே, அந்தக் கிருமிக்கு எதிராக, உட்கொள்ளும் நாட்களில் மட்டுமே கிடைத்தது. கடையில் கிடைக்கும் எல்லா டின்னுக்கும் அந்த ஆற்றல் உண்டு என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. நீரிழிவும் புற்றுநோயும் இதனால் தீரும் என்பதற்கு அங்கே ஆதாரமே இல்லை. போலியோ தடுப்பு மருந்து சீம்பாலிலிருந்து செய்யப்பட்டது என்று சிலர் கூறுவதும் தவறு. டாக்டர் ஆல்பர்ட் சேபின் சில பசுக்களின் பாலில் போலியோவை எதிர்க்கும் பொருள் இருப்பதைக் கண்டு, 1950 இல் எழுதியது உண்மை. ஆனால் அவர் பெயரால் வழங்கும் சொட்டு மருந்து, வீரியம் குறைக்கப்பட்ட போலியோ வைரசைக் கொண்டு செய்யப்பட்டது.

பந்து விளையாடும் இளைஞர்களும் இதைக் கேளுங்கள். விளையாட்டு வீரர்களிடம் நடந்த பல சோதனைகளில் நாளொன்றுக்கு 20 முதல் 60 கிராம் வரையில் மாவு கொடுக்கப்பட்டது. முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. மேலும், உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பொருள் சீம்பாலில் இயற்கையாகவே இருக்கிறது. அது ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதால், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு சீம்பாலைத் தடை செய்யாவிட்டாலும் உட்கொள்ளும்படி பரிந்துரைப்பதில்லை.

வெறும் உணவு என்ற முறையில் கணக்குப் பார்த்தாலும் உண்மை தெரியும். மூன்று கிராம் கொள்ளும் ஒரு கரண்டி மாவு முழுவதும் புரதமே என்று வைத்துக்கொண்டாலும், அது மூன்று கிராம்தான். ஒரு கோழிமுட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டின்னின் விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ பருப்பு, எவ்வளவு மீன் வாங்கலாம் என்பதை இல்லத்தரசிகளே கணக்கிட்டுப் பாருங்கள். அந்த டின் சுமந்து வந்த விலை பெரும்பாலும் புரதத்தின் விலையன்று, நம்பிக்கையின் விலையாகும்.

நாம் மண்ணில் விட்ட சீம்பால்

தாய்மார்களே, இனி நான் சொல்லப்போவதே இந்த உரையின் உயிர்நாடி.

பசுவின் சீம்பாலைப் போற்றி அண்டை வீட்டாருக்கெல்லாம் பகிர்ந்த நாம், தாயின் சீம்பாலை என்ன செய்தோம்? பிள்ளை பெற்றவளின் மார்பில் முதலில் ஊறும் மஞ்சள் நிறப் பால் கெட்டது, குழந்தைக்குச் செரிக்காது என்று சொல்லி, அதைப் பீய்ச்சி மண்ணில் விட்ட வீடுகள் நம்மிடையே இருந்தன. அதற்குப் பதிலாகச் சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் பச்சிளங் குழந்தையின் நாவில் தடவினோம். பசுங்கன்றுக்கு நாம் மறுக்காத உரிமையை நம் பிள்ளைக்கு மறுத்தோம். அறியாமல் செய்தோம், அன்பினால் செய்தோம், ஆயினும் தவறு தவறுதான்.

அந்த மஞ்சள் பால்தான் மனிதக் குழந்தைக்கென்று இயற்கை வகுத்த சீம்பால். பசுவின் சீம்பாலில் மிகுந்திருக்கும் எதிர்ப்புப் பொருள் கன்றின் இரத்தத்திற்குப் போவதற்கு ஏற்றது. தாயின் சீம்பாலில் மிகுந்திருப்பதோ, குழந்தையின் குடலிலும் தொண்டையிலும் ஒரு பூச்சுப்போல் படிந்து, அங்கேயே கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வேறொரு வகை. மேலும், தாய் எந்த வீட்டில், எந்தக் காற்றில், எந்தத் தண்ணீரில் வாழ்கிறாளோ அங்குள்ள கிருமிகளை எதிர்த்து அவள் உடல் செய்து வைத்த பொருள் அது. கடல் கடந்த பண்ணையில் மேயும் பசுவுக்கு நம் லயத்துக் கிருமிகளைத் தெரியுமா? தாய்க்குத் தெரியும்.

முதல் நாளில் தாய்க்குச் சில தேக்கரண்டி அளவே பால் ஊறும். அதைக் கண்டு, "பால் பற்றவில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் கலங்குவதுண்டு. பிறந்த குழந்தையின் வயிறும் அந்த அளவுக்குத்தான் சிறியது. அந்தச் சிறு அளவே அதற்குப் போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் பெருகும். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கவேண்டும். அதன்பின் மற்ற உணவோடு இரண்டு ஆண்டுகள் வரையில் தொடரலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனமும் நம் சுகாதார அமைச்சும் கூறும் அறிவுரை. 2023 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கித் தனியார் துறைப் பெண்களுக்கும் 98 நாள் மகப்பேறு விடுப்பு சட்டப்படி உண்டு. தோட்டத்தில் வேலை செய்யும் தாய்மார்கள் இந்த உரிமையை அறிந்து பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தைக்குப் பசுவின் சீம்பால் மாவைக் கரைத்துப் புகட்டாதீர்கள். தேனும் வேண்டாம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகவும் ஆகக்கூடும். தாய்க்குப் பால் ஊறுவதில் இடையூறு ஏற்பட்டால் மருந்தகத் தாதியரிடம் சொல்லுங்கள், வழி காட்டுவார்கள். அவ்வாறே, தடுப்பூசிக்கு மாற்றாக எந்த மாவும் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்

பெரியவர்கள் தம் விருப்பத்தால் சீம்பால் மாவை உணவாக உண்பதை நான் தடுக்கவில்லை. உண்ண விரும்புவோர் சிலவற்றைக் கவனித்தால் போதும்.

முதலாவது, பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. பால் குடித்தால் வயிறு உப்பி வருந்துகிறவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. சில மாவுகளில் சர்க்கரையும் சேர்க்கப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்கள் டின்னின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கவேண்டும். படிக்க இயலாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உணவாக விற்கப்படும் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல இந்நாட்டு உணவுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய், இருதய நோய் முதலியவற்றைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956 ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. மருந்தாகவோ உடல்நலத் துணைப்பொருளாகவோ பதிவு பெற்றதாயின், அதன் மேல் "மால்" என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். நேரடி விற்பனை நிறுவனங்கள் 1993 ஆம் ஆண்டின் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கவேண்டும். வாசலுக்கு வருபவர் உறவினரே ஆனாலும் இவற்றைக் கேட்பதில் தவறில்லை. கேள்வி கேட்பது அவமதிப்பாகாது.

மூன்றாவது, எதை உண்டாலும் மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அரசாங்க மருந்தகத்தில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் செலுத்தினால் மருத்துவரையும் பார்க்கலாம், மருந்தும் பெறலாம். ஒரு ரிங்கிட்டில் கிடைப்பதை மலிவு என்று எண்ணி விட்டுவிட்டு, பெரும் பணம் கொடுத்தது உயர்ந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. நான் சொன்ன அந்த அம்மையாரும் அப்படித்தான் எண்ணினார்.

அன்பர்களே, சீம்பால் கன்றுக்கு உயிர். தாயின் சீம்பால் பிள்ளைக்கு உயிர். வளர்ந்துவிட்ட நமக்கு அது ஓர் உணவு. யாருக்கு எது உரியதோ அது முதலில் அவர்களுக்குச் சேரட்டும். உங்கள் கொட்டகையில் பசு ஈன்றால், கன்று வயிறு நிறையக் குடித்த பின் எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். மகிழ்ச்சியோடு உண்பேன். உங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தாலோ, அந்த மஞ்சள் பாலில் ஒரு துளியும் மண்ணில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்த கொலஸ்ட்ரம் எந்த டின்னிலும் இல்லை.